அன்னமும் சுண்ணக்கட்டியும்

இரசாயன நூலுக்கும் எனக்கும் உள்ள உறவு கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி அளவினதே. ஹட்டன் நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சேர்ந்த பிள்ளைகளுக்கு நன்னூலும் திருக்குறளும் படிப்பித்து முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அமிலம் எது, காரம் எது என்று கேட்டால், புளி என்றும் மிளகாய் என்றும் விடை கூறக்கூடிய நிலையில்தான் சென்ற ஆண்டு வரை இருந்தேன். அத்தகைய ஒருவன் போதைப்பொருட் பகுப்பாய்வைப் பற்றி வார இதழ்ப் பகுதியில் எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவுதல் நியாயமே. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனே அதற்குக் காரணம்.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒரே மகன். புணர்ச்சி விதிகளை மற்றவர் மனனம் செய்ய, இவன் விளங்கிக்கொண்டு சொல்வான். உயர்தர வகுப்போடு படிப்பை விட்டுக் கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். மலையகத்து இளைஞர் பலருக்கும் வாய்க்கும் பாதை அது. சிவனொளிபாதமலைப் பருவகாலத்திலே நண்பர் நால்வரோடு வாகனத்தில் வந்துகொண்டிருந்தவனைப் பொலிசார் நிறுத்தினர். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை, யாத்திரிகர் கூட்டம் ஹட்டன் வழியாக மலையை நோக்கிச் செல்லும் மாதங்களில், மோப்ப நாய்களோடு வாகனங்களைச் சோதிப்பது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. கஞ்சாவோடும் வேறு பொருள்களோடும் இளைஞர் அகப்பட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் படித்தே வருகிறோம். இவனுடைய பையிலே மண்ணிறத் தூள் கொண்ட சிறு பொதி ஒன்று இருந்தது. நிறுத்தபோது ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது தனக்கு உரியதன்று, ஒருவர் கொடுத்தனுப்பியது என்றான். எடுத்து வந்தவன் அவன்தான். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவன் தாய் என்னைத் தேடி வந்த நாளிலே எனக்கு ஒரு சட்டமும் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்தவற்றைச் சொல்கிறேன். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் என்பது இதற்கு மூலநூல். அதற்கு 1984ஆம் ஆண்டிலே 13ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. அத்திருத்தத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினை ஒருவன் வைத்திருந்தாலோ கடத்தினாலோ அவனுக்கு உரிய தண்டனை மரணம், அன்றேல் ஆயுட்காலச் சிறை. அந்த அளவுக்குக் கீழே தண்டனை படிப்படியாகக் குறைகிறது. நம் நாட்டிலே தூக்குமேடை 1976ஆம் ஆண்டுக்குப் பிறகு பயன்படவில்லை. ஆயினும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. தீர்ப்புப் பெற்றவர் சிறையிலே முதுமை அடைகின்றனர். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் 'ஐஸ்' என்று வழங்கும் மெதம்பெட்டமைனையும் இக்கடுந்தண்டனை வரிசையிலே சேர்த்தது.

இரண்டு கிராம் எவ்வளவு? கறிக்கு இடும் உப்பிலே ஒரு சிட்டிகைக்குச் சிறிது கூட. ஒருவனுடைய ஆயுள் அந்தச் சிட்டிகையின்மேல் நிற்கிறது. ஆனால் எந்தச் சிட்டிகை? பொதியிலிருந்த தூள் முழுவதுமா, அல்லது அத்தூளுக்குள் கலந்திருக்கும் ஹெரோயின் மட்டுமா? வழக்குகளிலே எண்ணப்படுவது தூய நிறையே என்று சட்டத்தரணி ஒருவர் விளக்கினார். சந்தையில் உலவும் தூளிலே ஹெரோயின் ஒரு பங்கு, பிறவெல்லாம் கலப்பு. கலப்பை நீக்கித் தூயதன் நிறையைக் கூறுவது பெலவத்தையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் பொறுப்பு. பிணை கேட்பதற்குங்கூட அந்த அறிக்கையே அடிப்படை. தூய நிறை 10 கிராமை எட்டினால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டும் என 2022ஆம் ஆண்டின் திருத்தம் விதித்திருக்கிறது.

இதனை அந்தத் தாய்க்கு எவ்வாறு விளக்குவது என்று நான் திகைத்தபோது அவளே எனக்கு விளக்கினாள்.

"மாஸ்டர், நாங்க பறிக்கிற கொழுந்துல ஈரம், சாக்குன்னு சொல்லி ரெண்டு கிலோ மூணு கிலோ கழிக்கிறாங்க. இவன் தூளுக்கும் அப்படிக் கழிப்பாங்களா?"

"கழிப்பாங்கம்மா" என்றேன்.

"அங்க மட்டும் நல்லாக் கழிக்கட்டும்" என்றாள்.

கழிப்பது எப்படி என்னும் வினா அன்றுதான் என் உள்ளத்தில் எழுந்தது. பாலும் நீரும் கலந்தவழி அன்னம் நீரை விடுத்துப் பாலை உண்ணும் என்பது நம் புலவர் மரபு. நன்னூலாரும் முதல் மாணாக்கரை அன்னத்தோடும் பசுவோடும் ஒப்பிட்டார். அவ்வடிகளை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கி வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பறவையின் அலகினுள்ளே நடப்பது என்ன என்று ஒரு மாணவனாவது கேட்டதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை என்னினும் இருபது வயது இளையவர். அவரிடம் என் வினாவை வைத்தேன். அவர் விடை கூறாமல், தோட்ட எல்லையிலிருந்து நான்கு தேயிலை இலைகளைப் பறித்து வரச் சொன்னார். அவற்றை உரலிலே இடித்து, ஸ்பிரிட்டு ஊற்றிப் பச்சைச் சாறு எடுத்தார். சாற்றைத் தட்டையான கிண்ணத்தில் ஊற்றி, அதன் நடுவே என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை நிமிர்த்தி வைத்தார். சாறு சுண்ணக்கட்டியின்மேல் ஏறத் தொடங்கியது. சில நிமிடங்கள் கழிந்தபின் பார்த்தால், ஒரே பச்சையாகப் புறப்பட்டது ஒரே பச்சையாக இல்லை. கீழே பச்சை நின்றுவிட்டது. அதற்கு மேலே மெல்லிய மஞ்சள் வளையம் ஒன்று தனியே போய்க்கொண்டிருந்தது. நாம் பச்சை என்று அழைக்கும் இலையினுள் மஞ்சளும் ஒளிந்திருக்கிறது என்பதை என் ஐம்பத்தைந்தாம் வயதில், முப்பது ஆண்டுகள் கையிற் பிடித்திருந்த சுண்ணக்கட்டியே எனக்குக் காட்டியது. (இக்காலத்துச் சுண்ணக்கட்டிகளிற் பல உண்மையான சுண்ணாம்பு அல்ல, ஜிப்சம் என்றும் ஆசிரியை திருத்தினார். பண்டிதரைத் திருத்துவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி.)

இதே காட்சியை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் மிக்கேல் சுவெட் என்னும் ருஷ்யத் தாவரவியலாளர். அவர் ஒடுங்கிய கண்ணாடிக் குழாயிலே சுண்ணாம்புத் தூளை இறுக அடைத்து, இலைச்சாற்றை மேலிருந்து ஊற்றி, கரைப்பானை மேன்மேலும் விட்டு வந்தார். இரு வகைப் பச்சைகளும் மஞ்சள்களும் வளையம் வளையமாகப் பிரிந்து நின்றன. 1903ஆம் ஆண்டில் வார்சோ நகரிலே இதைப் பற்றி உரையாற்றினார்; 1906ஆம் ஆண்டில் 'குரோமட்டோகிராபி' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியிலே நிறத்தை எழுதுதல் என்பது பொருள். சுவெட் என்ற அவரது குடிப்பெயருக்கும் ருஷ்ய மொழியிலே நிறம் என்றே பொருள்! தம் பெயரைத் தாமே பொறித்துவிட்டுப் போனாரோ என்னும் ஐயம் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்ட எவருக்கும் எழும். வாழ்ந்த காலத்திலே அவரைப் பெரிய அறிஞர் பலர் மதித்திலர். வறுமையும் யுத்தமும் நோயும் அவரை வாட்டின. 1919ஆம் ஆண்டில் நாற்பத்தேழு வயதில் இறந்தார். 1931ஆம் ஆண்டில் ஹைடல்பேர்க் நகரத்து அறிஞர் அவர் முறையைக் கையிலெடுத்த பிறகே உலகம் விழித்துக்கொண்டது. மார்ட்டின், சிங் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் அதனை வேறொரு வழியில் வளர்த்து 1952இல் நோபெல் பரிசு பெற்றனர்.

நம் பாடநூல்களில் இதற்கு நிறப்பகுப்பு என்று பெயர். தமிழகத்தார் வண்ணப்பிரிகை என்பர். இன்று ஆய்வுகூடத்தில் இம்முறையாற் பிரிக்கப்படும் பொருள்களிற் பெரும்பாலானவற்றுக்கு நிறமே இல்லை. அப்படியிருக்க நிறப்பகுப்பு என்பது பொருந்துமா என்று ஆசிரியை கேட்டார். அங்கே நான் அவரைத் திருத்தினேன். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காயிலிருந்து எடுப்பதும் எண்ணெய், மண்ணிலிருந்து எடுப்பதும் மண்ணெண்ணெய். சொல் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை.

சாறு ஏறும்போது ஒன்று முன்னே போவதும் ஒன்று பின்தங்குவதும் ஏன்? இதற்கு நம்மூரிலேயே உவமை இருக்கிறது. நல்லதண்ணியிலிருந்து இரவு பத்து மணிக்கு நூறு பேர் மலையேறத் தொடங்குகின்றனர் என்று கொள்வோம். வழியெல்லாம் தேநீர்க் கடைகள். கடை கண்ட இடமெல்லாம் அமர்பவன் ஜப்பானியத் தூபியைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும். எங்கும் நில்லாதவன் சூரியோதயத்துக்கு முன் உச்சியில் நிற்பான். நெரிசல் எல்லாரையும் ஒன்றுபோலவே மேலே தள்ளுகிறது. பிரிப்பது தள்ளுதலன்று, கடையின்மேல் அவரவருக்குள்ள பற்று. சுண்ணமோ, கடதாசியோ, கண்ணாடித் தகட்டிற் பூசிய சிலிக்கா ஜெல்லோ, அசையாமல் நிற்பது கடைத்தெரு. ஏறிச் செல்லும் கரைப்பான் யாத்திரிகர் கூட்டம். கலவையிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு யாத்திரிகன். குறித்த நேரத்தில் யார் எவ்வளவு தூரம் வந்துள்ளான் என்பதை அளந்தால் ஆளை ஒருவாறு ஊகிக்கலாம்.

பொலிசாரிடமிருந்து நீதிமன்ற வழியாக வரும் பொதிக்கு ஆய்வுகூடத்தில் நேர்வதும் ஏறத்தாழ இதுவே. முதலில் நிறச் சோதனை. மார்க்குவிஸ் சோதிபொருள் என்பது 1896ஆம் ஆண்டளவில் அப்பெயருடைய மருந்தியலாளர் கண்டது. போமல்டிகைட்டும் செறிந்த சல்பூரிக்கமிலமும் கலந்த துளியொன்றைத் தூளின்மேல் விட்டால், மோர்பீன், ஹெரோயின் முதலிய அபின் இனத்தவற்றுக்கு ஊதா நிறம் தோன்றும். அம்பெட்டமைன் இனத்தவற்றுக்குச் செம்மஞ்சள் தோன்றிப் பழுப்பாக மாறும். கொக்கேயினுக்கு நீலம் காட்டும் கோபாற்று உப்பு ஒன்று உண்டு. கஞ்சாவுக்கு வனிலின் சேர்ந்த வேறொன்று உண்டு. கண்ணால் உடனே காணக்கூடியவை ஆதலால் இவை கதைகளிலும் திரைப்படங்களிலும் புகழ்பெற்றன. ஆனால் சான்று என்னும் பெயருக்கு இவை தனியே தகுதியுடையன அல்ல. சாதாரணச் சீனிகூட மார்க்குவிஸ் துளிபட்டுக் கருகும், அஸ்பிரின் சிவக்கும், சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் சில மருந்துகள் கொக்கேயின் சோதனையிலே நீலம் காட்டும். நிறத்தைக் கண்டு ஆளைப் பிடிப்பது, பட்டப்பெயரை வைத்து ஆளைத் தேடுவது போன்றது. அதே பட்டப்பெயரில் லயத்துக்கு நால்வர் இருப்பர்.

அடுத்தது மென்படை நிறப்பகுப்பு. கண்ணாடித் தகட்டிலே மெல்லிய சிலிக்காப் படை. அதன் அடியிலே ஐயத்துக்குரிய தூளின் கரைசல் ஒரு பொட்டு. அருகிலே ஐயமற்ற தூய ஹெரோயின் ஒரு பொட்டு. கஃபீன் ஒரு பொட்டு. இவ்வாறு வரிசையாக இட்டுத் தகட்டைக் கரைப்பானில் நிறுத்துவர். ஏறிய பொட்டுகளைக் கழியூதா ஒளியிலே பார்ப்பர். அற்கலோயிட்டுகளுக்குச் செம்மஞ்சள் நிறமூட்டும் திரவத்தைத் தெளித்தும் காண்பர். இங்கே வேறாக்கலும் அடையாளம் காணலும் ஒருங்கே நிகழ்கின்றன. ஒரு தூளிலே எத்தனை பொருள்கள் கூடி இருந்தன என்று தகடு காட்டிவிடும்.

கதை சொல்லும் ஆசை இங்கே என்னைத் தடுக்கிறது. ஒரு கிளைக்கதை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தாவர நஞ்சு உடலினுள் புகுந்துவிட்டால் அதனைத் திரும்ப வெளியே எடுத்துக் காட்ட ஒருவராலும் முடியாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நம்பினர். 1850ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டிலே பொக்கார்மே என்னும் பிரபு, சொத்தின்மேற் கொண்ட ஆசையால் தன் மனைவியின் உடன்பிறந்தானைப் புகையிலையிலிருந்து தானே வடித்தெடுத்த நிக்கொட்டீனை ஊட்டிக் கொன்றான். ஷான் ஸ்டாஸ் என்னும் இரசாயனர் இறந்தவனுடைய உறுப்புகளை எடுத்து ஆராய்ந்தார். அற்கலோயிட்டுகளுக்கு ஓர் இயல்பு உண்டு: அமிலம் சேர்ந்தால் நீரிலே தங்கும்; காரம் சேர்ந்தால் நீரை விட்டு ஈதருக்குத் தாவும். இந்த இயல்பைப் பற்றிக்கொண்டு ஸ்டாஸ் மாற்றி மாற்றிக் கழுவி, இறுதியிலே புகையிலை மணம் வீசும் துளியைப் பிரித்தெடுத்தார். பிரபு 1851இல் தலை இழந்தான். இன்றும் இரத்தத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் மருந்துகளைப் பிரித்தெடுக்கும் முறைகளின் முன்னோன் ஸ்டாஸின் அந்தக் கழுவலே. வெற்றிலையோடு புகையிலையை மென்றுகொண்டே கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் இக்கதையைக் கேட்டால் ஒரு கணமாவது மெல்லுதலை நிறுத்துவர் என்று நினைத்தேன். ஒருத்தியிடம் சொன்னேன். நிறுத்தவில்லை.

மீண்டும் தூளுக்கு வருவோம். நீதிமன்றம் ஏற்கக்கூடிய உறுதியைத் தருவது வாயு நிறப்பகுப்பும் அதனோடு இணைந்த திணிவு நிறமாலைமானியும். தலைமயிர் போல் நுண்ணிய துளையும் பல மீற்றர் நீளமும் உடைய குழாயைச் சுருளாகச் சுற்றி அடுப்பினுள் வைத்திருப்பர். கரைத்த தூளின் துளி சூட்டிலே ஆவியாகி, ஹீலியம் வாயுவோடு அக்குழாயினுள் ஓடும். இங்கேயும் மலையேற்றந்தான்; கூட்டம் மட்டும் வாயு. ஒவ்வொரு பொருளும் தனக்கு உரிய நேரத்திலே மறுமுனையை அடையும். எனினும் ஒரே நேரத்தில் இருவர் உச்சியை அடைதலும் உண்டு அல்லவா? ஆகவே வந்தவரை அப்படியே நம்பாமல், இலத்திரன்களால் அடித்து உடைத்துப் பார்ப்பர். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய முறையில் உடையும். உடைந்த துண்டுகளின் திணிவைக் கருவி வரிசைப்படுத்தும். ஹெரோயினுக்கு 369, 327, 268 என்று எண்கள் எழும். கஃபீனுக்கு 194, 109. இதனைக் கேட்டவுடன், இது பகுபத உறுப்பிலக்கணம் அன்றோ என்று கூவிவிட்டேன். 'தாமரை' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அது பூவா, 'தாவுகின்ற மான்' என்னும் தொடரா என்று துணிய முடியாது. பிரித்துப் பார்த்தாலே பொருள் தெளியும். ஒலியிலே ஒன்றாக நின்றவை உறுப்பிலே வேறாகும். ஆசிரியை சிரித்தார். ஆயினும் அடுத்த வாரம் தம் வகுப்பிலே அந்த உவமையை அவர் எடுத்தாண்டதாக மாணவர் வந்து சொன்னார்கள்.

இன்னதென்று கண்டபின் எவ்வளவு என்று காண வேண்டும். நிறை அறிந்த தூய ஹெரோயினைப் பல அளவுகளில் அதே கருவியினுள் செலுத்தி, ஒவ்வோர் அளவுக்கும் எழும் முகட்டின் பரப்பைக் குறித்துக்கொள்வர்; வழக்குத் தூளுக்கு எழுந்த முகட்டை அவற்றோடு ஒப்பிடுவர். தராசிலே படிக்கல் வைப்பது போன்றதே இது. படிக்கல் பிழைத்தால் எல்லாம் பிழை. தூள் முழுவதும் ஒன்றுபோலக் கலந்திருக்கிறதா, மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பனவும் இங்கே உயிர்நிலையான கேள்விகள். பொதி ஈரம் படக் கூடாது. நீர்ப்பசையோடு ஹெரோயின் மெல்ல மெல்ல மோர்பீனாக மாறிவிடும். நம்மூர் மழையும் பனியும் நினைவுக்கு வந்தன.

கைப்பற்றிய இடத்திலிருந்து பகுப்பாய்வாளர் மேசை வரை பொதி சென்ற வழியை நம் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பிலே உட்செல்லும் பயணம் என்று குறிப்பிட்டிருக்கிறது. சித்தர் பாடலுக்குத் தலைப்பிட்டாற் போன்ற இத்தொடரின் பொருள் மிக உலகியலானது. முத்திரை யார் இட்டார், யார் பெட்டகத்தில் வைத்தார், யார் கொண்டு சென்றார், உடைக்கும்போது முத்திரை முழுமையாக இருந்ததா என்னும் சங்கிலியில் ஒரு கண்ணி ஐயத்துக்குரியதாயின் வழக்கு நில்லாது. கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் அது தன்னிடம் வந்த தூளைப் பற்றியே பேசும். அந்தத் தூள் எவனுடைய பையிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

அறிக்கை ஏழாம் மாதத்திலே வந்தது. விளக்கமறியலில் அவன் மெலிந்து போயிருந்தான். ஏழு கிராமை அண்மிய தூளில் தூய ஹெரோயின் இரண்டு கிராமை எட்டவில்லை. மீதியிற் பெரும்பகுதி பரசிற்றமோலும் கஃபீனும். ஹெரோயினோடு இவ்விரண்டையும் கலத்தல் உலகெங்கும் உள்ள வழக்கமாம். சட்டத்தரணி தாளைக் காட்டியபோது கஃபீன் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது.

1819ஆம் ஆண்டிலே ருங்கே என்னும் இளம் ஜேர்மானிய இரசாயனரிடம் பெருங்கவிஞர் கேதே ஒரு பிடி கோப்பிக் கொட்டையைக் கொடுத்து, இதனுள் இருப்பதைக் கண்டறிக என்றார். அவ்வாறு கண்டறியப்பட்டதுதான் கஃபீன். தேயிலையிலிருந்து பிறகு எடுத்த தேயீன் என்பதும் அதுவே என்று தெளிந்தனர். அதே ருங்கே முதுமையிலே, ஒற்றுத்தாளின்மேல் இரசாயனத் துளிகளை விட்டு, அவை தாமாகப் பிரிந்து வரையும் வண்ணக்கோலங்களை 1855ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சுவெட்டுக்கு அரை நூற்றாண்டு முன்னர், ஓர் அழகுப் பொருளாக மட்டும், நிறப்பகுப்பு அந்தத் தாள்களிலே இருந்தது. நம் தேயிலையும் அந்த வழியிற் பிறகு சென்றது. தேநீருக்குச் செம்பொன் நிறம் தரும் பொருள்களை ரொபேட்ஸ் என்னும் அறிஞர் 1950களிலே தாள் நிறப்பகுப்பாற் பிரித்துப் பெயரிட்டார். 1925ஆம் ஆண்டு தோன்றி, இன்று தலவாக்கலையிலே இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அண்மையில்தான். இத்தனை காலம் அதன் வழியே நுவரெலியாவுக்குப் போய் வந்தும், அங்கே என்ன செய்கின்றனர் என்று நான் கேட்டதில்லை.

தாய்க்கு அறிக்கையைப் படித்துக் காட்ட ஒரு ஞாயிறன்று லயத்துக்குப் போனேன். இரண்டு கிராமுக்குக் குறைவு என்றதும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"மிச்சம் என்னா மாஸ்டர்?"

"காய்ச்சல் குளிசை. அப்புறம் கஃபீன்னு ஒரு சத்து. தேயிலையில இருக்கிறது."

"எங்க தேயிலையிலயா?"

"எல்லாத் தேயிலையிலயும் இருக்கு. இது எங்கயோ ஆலையில செஞ்சதா இருக்கும்."

அவள் அதைப் பற்றி மேலே ஒன்றும் பேசவில்லை. கொழுந்து நிறுப்பவர் தராசின் முள்ளைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வதாகப் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்த பெண்களுள் அவளும் ஒருத்தி. ஆகையால் அவளது அடுத்த வினா எனக்கு வியப்பைத் தரவில்லை.

"அந்தத் தராசை நம்ம பக்கத்து ஆளு யாராச்சும் பாத்தாங்களா?"

பார்க்கவில்லை என்றேன். பார்த்தாலும் நமக்கு விளங்காது என்றேன். ஆனால் பகுப்பாய்வாளரைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றி, எவ்வாறு நிறுத்தீர், எதனோடு ஒப்பிட்டீர் என்று நம் சட்டத்தரணி கேட்கலாம். அவர் விடை கூறியே ஆக வேண்டும் என்றும் சொன்னேன். குறைவாக வந்த நிறையைக் குறித்து நம் பக்கம் ஏன் கேட்கப் போகிறது என்பதும் என் உள்ளத்தில் ஓடியது, அதனைச் சொல்லவில்லை. அவளோ, குறைந்தாலும் கூடினாலும் முள்ளைப் பார்த்துவிட வேண்டும் என்னும் இயல்பினள்.

வழக்கு முடியவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லை என்று சட்டத்தரணி கூறுகிறார். சிறை உண்டு என்றும் கூறுகிறார். எத்தனை ஆண்டு என்பது அடுத்த தவணைகளிலே தெரியும். சென்ற மாதம் அவனைப் பார்க்கப் போனபோது, வெளியே வந்தபின் என்ன செய்வாய் என்று கேட்க நா எழவில்லை. சுண்ணக்கட்டியின்மேல் இலைச்சாறு ஏறிய செய்தியைச் சொன்னேன். அவன் வியப்படையவில்லை. ஒன்பதாம் வகுப்பில் மைப்பொட்டு வைத்துக் கடதாசியிற் செய்ததாகவும், அன்று கறுப்பு மை நீலமும் சிவப்புமாகப் பிரிந்ததாகவும், தன் தாளை ஆசிரியை சுவரில் ஒட்டியதாகவும் சொன்னான். பிறகு, "சேர், அந்தத் தாள் இன்னும் சுவரில இருக்குதா?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை விஞ்ஞான அறைக்குப் போய்ப் பார்த்தேன். சுவருக்கு அண்மையில் வர்ணம் பூசியிருந்தார்கள்.